கோபுரத்தைத் திறந்தீர்கள், விளக்கை எப்போது திறப்பீர்கள்?

கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும், பார்வையாளர்களை அனுமதிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

நூறாண்டு கடந்த ஒரு கலங்கரை விளக்கத்தில் எல்.இ.டி. விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். அதுவரை அங்கே சுழன்றுகொண்டிருந்த கண்ணாடி லென்ஸ் இப்போது ஜெனரேட்டர் அறை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. பித்தளைச் சட்டத்தில் பச்சை பூத்துவிட்டது. அடிவரிசையில் இரண்டு பட்டகங்களின் (முக்கோணக் கண்ணாடித் துண்டுகளின்) விளிம்பு உடைந்திருக்கிறது. அதே வளாகத்தில் செல்ஃபி மேடையும் சிமென்ட் டால்பினும் புதுப் பெயின்ட்டில் பளபளக்கின்றன. டிக்கெட் வாங்கி மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு அந்த லென்ஸ் அங்கே இருப்பதே தெரியாது.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஓர் ஊரின் ஊழியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. அந்த ஊழியர்கள் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விளக்கைக் காத்து, பகலில் டிக்கெட்டும் கிழிக்கிறார்கள். குறை, பார்வையாளருக்கு எதைக் காட்டுவது என்று மேலே எடுக்கப்படும் முடிவில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறோம்.

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கலங்கரை விளக்கம் பார்ப்பதற்காகவே கடற்கரைக்குப் போகிறவர்கள் நாங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறோம். கடலுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால் அங்கிருந்து தொடுவானம் எத்தனை கடல் மைலில் இருக்கிறது என்று கிடைக்கும். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். கணக்கு 84 கடல் மைல் வரும், அதாவது ஏறத்தாழ 155 கிலோமீட்டர். கடலூர்க் கரை நேர்கோட்டில் 170 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மயிரிழையில் கடல் நமக்குத் தெரியாமல் போகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, அடுத்து கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஏறி நின்றபின் அங்கே அதைப் பற்றி ஒரு வரி எழுதிய பலகைகூட இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், 10 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களிலுள்ள 75 கலங்கரை விளக்கங்களில் அமைந்த சுற்றுலா வசதிகளைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நல்ல காரியம், மனதார வரவேற்கிறோம். பாதுகாப்புக் காரணத்தால் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த மெரினா கலங்கரை விளக்கம் 2013 நவம்பரில் மீண்டும் திறந்தபோதும் மகிழ்ந்தோம். ஆக, பணமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. ஆனால் பூங்கா, நடைபாதை, உணவகம், விளையாட்டுச் சாமான் என்று போகும் திட்டத்தில் விளக்கு எங்கே?

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். சேலத்திலிருந்து புதுச்சேரி 200 கிலோமீட்டருக்கு மேல். மாமல்லபுரம் 300-க்கு மேல். முட்டம் போக வேண்டுமானால் நாகர்கோவில் வரையே ஏறத்தாழ 480. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சேலம் ஐந்து ரோட்டில் வேன் ஏறினால் ஞாயிறு ஓரிடம், திங்கள் ஓரிடம், செவ்வாய் காலை வீடு. நீங்களோ பல இடங்களில் திங்கட்கிழமை விடுமுறை வைத்திருக்கிறீர்கள். சில இடங்களில் பார்வை நேரம் மாலை இரண்டு மணி நேரம்தான். டிக்கெட் கவுண்டரை அரை மணி முன்னதாகவே மூடிவிடுவார்கள் என்பது வாசலில் நின்றபின் தெரியும். அறிவிப்புப் பலகையில் ஒரு நேரம், இணையத்தில் வேறு நேரம். போனை எடுக்க ஆளில்லை. உள்ளூர்க்காரருக்கு இது ஒரு மாலை வீண். எங்களுக்கு இரண்டு இரவுப் பயணமும் ஒரு வேன் வாடகையும் வீண்.

மாலை நேரத்தை எல்லாக் கரைக்கும் ஒன்றாக வைப்பதிலும் கோளாறு இருக்கிறது. கிழக்குக் கரையில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்; கடல் தெளிவாகத் தெரியும், படமும் நன்றாக வரும். முட்டம், கேரளத்தின் விழிஞ்ஞம், தங்கச்சேரி போன்ற மேற்கு, தென்மேற்குக் கரைகளில் அதே நேரத்தில் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். கடல் முழுக்கக் கூச்சம். பாறையும் அலையும் கறுப்பாகத் தெரியும். அங்கே காலை எட்டிலிருந்து பதினொன்றுதான் பார்க்கத்தக்க நேரம். பருவமும் அப்படித்தான். கிழக்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. முட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று கேலரிக் (உச்சியைச் சுற்றியுள்ள நடைமேடை) கதவைத் திறக்க விடாது. காற்றடிக்கும்போது மூடுவது சரி. மூட வேண்டும் என்று நாங்களே சொல்வோம். அன்று மூடியிருக்கிறது என்று காலையிலேயே தெரிவிக்க ஒரு வழி இருந்தால் போதும்.

இனி ஏறும் முறை. முப்பது மீட்டர் உயரக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். சுழல் படிக்கட்டில் எதிரெதிராக இருவர் ஒதுங்க முடியாது. கேலரியில் பத்துப் பேருக்கு மேல் நிறுத்தக் கூடாது. பத்துப் பேர் ஏற எட்டு நிமிடம், மேலே பத்து நிமிடம், இறங்க ஆறு நிமிடம். முதல் குழு கீழே வந்தபின்தான் அடுத்த குழு ஏறலாம் என்றால் நாற்பது பேர் வந்த ஒரு பேருந்துக்கு மட்டும் 96 நிமிடம் போய்விடும். உங்கள் இரண்டு மணி நேரம் அதோடு முடிந்தது; பின்னால் வந்த குடும்பங்கள் வெயிலில் நின்று திரும்புகின்றன. கோபத்தில் ஊழியரிடம் சண்டை, அதன்பின் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை என்று கேலரிக்கே பூட்டு. இப்படித்தான் நடக்கிறது.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. பெரும்பாலான பழைய கோபுரங்களில் இடையிடையே தட்டுகள் (படிக்கட்டின் நடுவே நிற்கும் தளங்கள்) உண்டு, ஜன்னலோடு. முதல் குழு கேலரியில் நிற்கும்போதே அடுத்த குழுவை ஏற்றி, கடைசித் தட்டில் சுவரோரம் நிறுத்தலாம். முதல் குழு அவர்களைத் தாண்டி இறங்கியதும் இவர்கள் மேலே போகலாம். குழு மாற நான்கு நிமிடம் வைத்தாலும் நாற்பது பேரும் 66 நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். தேவை, கேலரி வாசலில் ஒருவர், கீழே ஒருவர், இருவர் கையிலும் ஒரு வாக்கி டாக்கி. கடைசித் தட்டிலிருந்து கேலரிக்கு ஏறும் இரும்பு ஏணியில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். உப்புக்காற்றின் ஈரம் இரும்பில் படிந்து எண்ணெய் தடவியதுபோல் இருக்கும், அதுவும் காலையில். இறங்கும்போது முகத்தை ஏணிப் பக்கம் வைத்து இறங்கச் சொன்னாலே பாதி விபத்து குறையும். அதை எழுதிய பலகையை நாங்கள் இதுவரை எங்கும் பார்க்கவில்லை. தொப்பி, தோள்பை, சுற்றிய துப்பட்டா, கையில் போன் இவற்றோடு ஏணி ஏற விடாதீர்கள். கீழே பூட்டும் வசதியோடு பெட்டி வையுங்கள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கலங்கரை விளக்கத்தை மற்ற உயரமான கட்டடங்களிலிருந்து பிரிப்பது அந்த லென்ஸ்தான். நடுவில் குவிந்த கண்ணாடி. அது ஒளியை வளைத்து நேராக்கும். அதன் மேலும் கீழும் வளையம் வளையமாக முக்கோணப் பட்டகங்கள். அவை உள்ளேயே ஒளியைப் பிரதிபலித்து அதே திசைக்குத் திருப்பும். ஃபிரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த இந்த ஏற்பாட்டால் மேலேயும் கீழேயும் வீணாகப் போகும் வெளிச்சம் கிடைமட்டக் கற்றையாகிக் கடலுக்குப் போகிறது. ஒளிக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை வைத்து அவற்றுக்குத் தரம் உண்டு: முதல் தரம் 920 மில்லிமீட்டர், இரண்டாவது 700, மூன்றாவது 500, நான்காவது 250. முதல் தர லென்ஸுக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். டன் கணக்கில் எடையுள்ள அதைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். உராய்வு அவ்வளவு குறைவு என்பதால் ஒரு விரலால் தள்ளினால் சுழலும். மின்மோட்டார் வருவதற்கு முன், கோபுரத்தின் நடுக்குழாயில் இறங்கும் எடைக்கல் கடிகாரம்போல் அதைச் சுழற்றியது. அந்த எடையைக் கையால் மேலேற்றுவது விளக்குக் காவலரின் இரவு வேலை. படி ஏறும்போது நடுவில் தெரியும் அந்த வெற்றுக் குழாய் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதில் அங்கே எழுதியில்லை.

விளக்கறைக்குள் எல்லோரையும் விட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. விடக் கூடாது என்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றோட்டமில்லாத அறையில் கூட்டம் நிற்கக் கூடாது. கைவிரல் மோதிரம் பட்டால் கண்ணாடி கீறும். பட்டகங்களைப் பித்தளைச் சட்டத்தில் பிடித்திருக்கும் புட்டிப் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால், லேசாகத் தொட்டாலும் பட்டகம் நகர்ந்துவிடும். நகர்ந்தால் கற்றை சிதறும். உப்பு படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகளே அரம்போல் தேய்க்கும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, பிறகு மெல்லிய தோலால் ஒற்றியெடுக்க வேண்டும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறோம். விளக்கறைக்குக் கீழே உள்ள அறையில், மேல் திறப்புக்கு அடியில் ஒரு கண்ணாடித் தடுப்பும் சாய்த்து வைத்த ஒரு நிலைக்கண்ணாடியும் இருந்தால், யாரும் எதையும் தொடாமல் லென்ஸின் உட்புறத்தைப் பார்த்துவிட முடியும்.

இன்னொன்றும் கவனித்தோம், இதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் லென்ஸைச் சுற்றித் திரை போடுவது பழைய வழக்கம். கரையிலிருந்து கப்பலுக்கு ஒளி அனுப்பும் அதே கண்ணாடி, பகலில் வெயிலை உள்ளே குவிக்கும். விளக்கு ஹோல்டர், வயர், மரச்சட்டம் எதுவும் கருகலாம், தீயும் பிடிக்கலாம். ஓரிடத்தில் அந்தத் திரை நைந்து, பாதி கிழிந்து தொங்கியது. கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. ஒரு காடாத் துணி வாங்கும் செலவுதான் அது.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கோபுரங்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுவருக்குள் போகும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறும். அதன்மேல் சிமென்ட் பூசி, பளபளக்கும் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே நின்றுவிடும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் பாளம் பாளமாக உதிரும். செங்கல்லின் முகமும் சேர்ந்து போகும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் பிரிந்த இடம். திறப்பு விழாவுக்கு முன் அவசரமாகப் பூசியதன் விலை இது. கேலரிக் கைப்பிடியில் ஆபத்து இன்னும் அதிகம். கம்பி மேலே புது வண்ணத்தில் இருக்கும். கல்லுக்குள் புதைந்த அடிப்பகுதி துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக் கல்லைப் பிளந்திருக்கும். கம்பியை அசைத்துப் பார்த்தால் போதாது. அடிக்கல்லில் மயிர்க்கோடு போல விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். டெண்டர் விதியில் சிமென்டுக்கு மட்டும் விலை இருந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்?

நம் கரையில் எவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்தால் ஆதங்கம் கூடுகிறது. சென்னையில் மட்டும் ஒளி நான்கு இடங்களில் இருந்திருக்கிறது. 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெய் விளக்கு, 1844-இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள கருங்கல் தூண், 1894-இல் நீதிமன்றக் குவிமாடம், 1977-இல் மெரினா. மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் உச்சியில் ஒரு காலத்தில் விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே அடுத்து எழுந்த கற்கோபுரம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவு தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் நடுவில் நடந்து போகிறார்கள். புதுச்சேரியில் 1836-இல் எரியத் தொடங்கிய பழைய விளக்கம். ஆலப்புழையில் 1862. தங்கச்சேரியில் 1902-ஆம் ஆண்டின் சாய்ந்த சிவப்பு வெள்ளைப் பட்டை. முட்டத்தில் பாறை முனையே உயரம் தந்துவிட்டதால் குட்டையான கோபுரம்; மெரினாவில் தரை தட்டையாக இருப்பதால் நெட்டையான கோபுரம். ஏன் இது குட்டை, ஏன் அது நெட்டை என்று புரிந்துவிட்டால் கடற்கரையே வேறு மாதிரி தெரியத் தொடங்கும். கோடியக்கரையில் சோழர் காலத்ததாகச் சொல்லப்பட்ட விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் சரிந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. தார்ப்பாய்க்குள் கிடக்கும் லென்ஸை நாளையே வெளியே எடுக்க முடியும்.

விளக்கு எரிவதைப் பார்வையாளர் பார்ப்பதேயில்லை என்பதையும் யோசியுங்கள். ஐந்து மணிக்கு வெளியே அனுப்பிவிடுகிறீர்கள். விளக்கு அந்தியில்தான் எரியத் தொடங்குகிறது. எத்தனை விநாடிக்கு எத்தனை முறை ஒளி மின்னுகிறது என்ற தனி மின்னல் கணக்கு ஒவ்வொரு விளக்கத்துக்கும் உண்டு. அதை வைத்துத்தான் மாலுமி இது எந்த ஊர் என்று அறிகிறார். ஒரு மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, அதே மின்னல் திரும்பும் வரை விநாடி எண்ண வேண்டும். மூன்று முறை எண்ணி ஒத்துப்போனால் அதுதான் அதன் அடையாளம். மின்னல்கள் இரட்டையாக வந்தால் முதல் மின்னலிலிருந்து அடுத்த ஜோடியின் முதல் மின்னல் வரை எண்ண வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தப்பாக எண்ணுவார்கள். இதற்கு மேலே ஏற வேண்டியதில்லை. வளாகத்துக்குள் புல்தரையில் நின்றாலே போதும். உங்களுக்கு ஆபத்தும் இல்லை, செலவும் இல்லை.

நாங்கள் கேட்பவை இவை.

கழற்றிய பழைய லென்ஸ், பாதரசத் தொட்டி, எடைக்கல் இயந்திரம் எதையும் பழைய இரும்பாக ஏலம் விடக் கூடாது. எந்தெந்த ஊரில் எந்தத் தர லென்ஸ் இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வெளியிடுங்கள். முடிந்த இடங்களில் அதே கோபுரத்தில், முடியாத இடங்களில் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குள் வையுங்கள். பாதரசத்தை முறையாக அகற்றிய பிறகே மக்களை அருகில் விடுங்கள். இன்னும் பயன்பாட்டில் லென்ஸ் உள்ள எல்லா இடத்திலும் பகல் திரை இருக்கிறதா என்று இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள்.

பார்வை நேரம், விடுமுறை நாள், கவுண்டர் மூடும் நேரம், கேலரியில் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் எண்ணிக்கை ஆகியவற்றை ஊர்வாரியாகத் தமிழிலும் ஒரே இடத்தில் வெளியிட்டு, மாறினால் அன்றே திருத்துங்கள். அக்கம்பக்கத்து விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விடுமுறை வேண்டாம். மேற்குக் கரையில் காலையிலும் திறந்து வையுங்கள். இருபது பேருக்கு மேல் வரும் பள்ளிக் குழுக்கள் ஒரு வாரம் முன்பே பதிவு செய்ய வழி வேண்டும். குழுக்களைத் தட்டுகளில் நிறுத்தி ஏற்றும் முறையை ஓரிரு இடங்களில் சோதித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் தமிழில் ஒரு பலகை: கட்டிய ஆண்டு, கோபுர உயரம், கடல் மட்டத்திலிருந்து விளக்கின் உயரம், ஒளி எட்டும் தூரம், மின்னல் கணக்கு, எண்ணெயிலிருந்து எல்.இ.டி. வரை விளக்கு மாறிய ஆண்டுகள், லென்ஸின் தரம். ஏணிக்குப் பக்கத்தில் இறங்கும் முறை எழுதிய பலகை. பழைய சுவர்களில் இனி சிமென்ட் பூச வேண்டாம். கேலரிக் கம்பிகளின் அடிக்கல்லைச் சோதித்து, சோதித்த தேதியை வாசலில் எழுதி வையுங்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அந்தியிலிருந்து இரவு எட்டு மணி வரை வளாகத்தைத் திறந்து வையுங்கள். டிக்கெட் வைத்தாலும் சரி.

கோடை விடுமுறைக்கு இங்குள்ள பள்ளிகள் பிப்ரவரியிலேயே வேன் பேசத் தொடங்கிவிடும். அதற்கு முன் இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க முடியாது, ஏன் முடியாது என்பதைத் தமிழில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

சேலம், ஏற்காடு வட்டாரக் கலங்கரை விளக்க ஆர்வலர்கள்